மேஸ்திரிக்கு வலிக்காது

மேஸ்திரிக்கு வலிக்காது என்பது கட்டிட வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சாரத்தில் நடக்கும்போது உள்ளங்காலில் ஏறிய ஆணியைப் பிடுங்கி, துடைத்து, பையில் போட்டுக்கொண்டு, "நல்ல ஆணி, எதுக்கு வீணாக்கணும்?" என்றவர். அவருடைய அப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட அன்று வைத்தியர்தான் முகத்தைச் சுளித்தாராம். அந்த வீட்டில் 'வலிக்குது' என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. வாழ வந்தவர்களும் அப்படித்தான் என்று மேஸ்திரி பெருமையாகச் சொல்வார். பிள்ளை பெறும்போதுகூடத் தன் மனைவி மூச்சுக் காட்டவில்லை என்பார்.

"நான் ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்தினேன்," என்பாள் அவள். "இவரு வெளியில நின்னுக்கிட்டு, அது பக்கத்துக் கட்டில்காரின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தூக்குக்குண்டு. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அந்த இரும்புக் குண்டு எப்படி இம்மி சாயாமல் நிற்குமோ, அப்படி நிற்பார். உட்கார்ந்தாலும் அப்படித்தான். நாற்காலியின் சாய்மானம் அவர் முதுகைப் பார்த்ததே இல்லை.

பூச்சு வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் விரிசல் விட்ட சுவரைக் காட்டி, வாடகைக்கு ஆள் வருகிறது, மேலாக ஒரு பூச்சு பூசிக் கொடுத்துவிடுங்கள் என்றார். "கொத்தி எடுத்துட்டுத்தான் பூசுவேன். விரிசல் மேல பூசுறவன் கொத்தனார் இல்லைங்க, களவாணி," என்று சொல்லிவிட்டுப் பூசுகிற கரணையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். இந்தக் கதை சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி பரிமாறப்படும். மனைவிக்கும் மருமகளுக்கும் அது மனப்பாடம்.

ஆனால் சீலிங் பூசுகிறவன் உடம்பு வேறு கணக்குப் போடுகிறது. நாள் முழுக்கத் தலையை அண்ணாந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, கலவையை அடித்து அடித்து, அவருடைய வலது தோள் உள்ளுக்குள் துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிட்டது. சட்டையைக் கழற்றும்போது யாரும் பார்க்காத பக்கம் திரும்பிக்கொள்வார். ரசமட்டம் வைக்கிற மரப்பெட்டியின் அடியில் வலி மாத்திரை அட்டைகள் இருந்தன. அதற்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. மாத்திரை போட்டால் வலிக்காது. வலிக்காதவன் வலிக்குது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே குடும்பத்தின் சொல்லும் பொய்யாகவில்லை.

மகன் கப்பலில் மின்வேலை பார்க்கிறவன். பாதி வருஷம் தண்ணீரில் கழியும். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். கல்யாணத்தின்போதே உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள், எலி அறுக்கிற பெண்ணாமே என்று.

"என் மருமக எலி அறுக்கிறா," என்றார் மேஸ்திரி, பந்தியே திரும்பிப் பார்க்கும் குரலில். "உங்க வீட்டு மருமகளுங்க கழுத்தை அறுக்கிறாளுங்க. எது தேவலை?"

வந்த புதிதில் அவள் தன் ஆராய்ச்சியைச் சாப்பாட்டு மேசையில் விளக்கிச் சொன்னாள். வயிற்றுக்குள் சாப்பாட்டைக் கரைக்கிற அமிலம் இருக்கிறது. அது வயிற்றையே கரைத்துவிடாமல் உள்சுவரில் வழவழவென்று ஒரு படலம் இருக்கிறது. வலி மாத்திரையை ஓயாமல் சாப்பிட்டால் அந்தப் படலம் ஊறுவது நின்றுபோகும். அமிலம் சுவரைத் தின்னும், புண்ணாகும், ரத்தம் கசியும். தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று ஆகிற ஒரு செடியின் இலையிலிருந்து சாறு எடுத்து, மாத்திரைக்கு முன்னால் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறாள். சாறு குடித்த எலியின் வயிற்றில் புண் குறைவாக இருக்கிறது.

மேஸ்திரி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் மலர்ந்தது.

"அப்போ பூச்சு வேலைன்னு சொல்லு."

"ஒரு வகையில அப்படித்தான் மாமா."

"ஒரு வகையில என்ன, எல்லா வகையிலயும் அதுதான். நான் சுவருக்குப் பூசுறேன், நீ வயித்துக்குப் பூசுற. பார்த்தியாடி," என்று மனைவி பக்கம் திரும்பினார், "வேற தொழில்காரி வந்துட்டான்னு நினைச்சேன். நம்ம தொழில்காரிதான் வந்திருக்கா."

அந்த வாரமே மொட்டைமாடியில் தன் கையால் ஒரு சின்ன அறை கட்டினார். இலை வெயில் படாமல் நிழலில் காய வேண்டும், காற்று மட்டும் வரவேண்டும் என்று அவள் சொன்னதற்காக, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, உள்ளே கண்ணாடி மாதிரி பூசிக் கொடுத்தார். மாடி முழுக்கத் தொட்டிகளில் அந்தச் செடியை வளர்த்தார்கள். வீட்டில் அதற்குப் பசை இலை என்று பெயர். மருமகள் காய்ந்த இலையைப் பொடித்து, மூட்டை கட்டி, ஆய்வகத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே அது சாராயமும் தண்ணீரும் கலந்த கலவையில் ஊறி, வடிகட்டப்பட்டு, மெல்லிய சூட்டில் வற்றி, கடைசியில் ஒரு கிண்ணத்தின் அடியில் கறுத்த பிசினாக ஒட்டிக்கொண்டு நிற்குமாம். இத்தனை கூடை இலைக்கு இத்தனூண்டு பிசினா என்று மேஸ்திரி வியந்தார். பிறகு, நல்ல சுண்ணாம்பும் அப்படித்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

சாரத்தில் இந்தப் பெருமையைச் சொல்லாத நாள் இல்லை. கேட்டுக் கேட்டு நெட்டைக்கு ஒரு யோசனை வந்தது. நெட்டை அவரோடு நெடுங்காலமாக வேலை செய்கிற கொத்தனார். ஏணி இல்லாமலே பாதிச் சுவர் எட்டுகிறவன்.

"அண்ணே, நாமளும்தான் மாத்திரை முழுங்குறோம். எனக்கு இடுப்பு, இவனுக்கு முட்டி. அந்த இலையை நாமளும் குடிச்சா என்ன?"

மேஸ்திரி யோசித்தார். தன் மாத்திரையைப் பற்றி யாரிடமும் அவர் சொன்னதில்லை. ஆனால் யோசனையில் பிழை ஒன்றும் தெரியவில்லை. பூச்சு இருக்கிற சுவர் மழைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

மறுநாளே சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் பசை இலை வந்தது. காலி டப்பாவில் போட்டு, கல் அடுப்பில் கொதிக்கவைத்து, ஆளுக்கு ஒரு குவளை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். குடித்த தைரியத்தில் மாத்திரை போடுவார்கள். முன்பு வலி தாங்காத அன்றைக்கு மட்டும் போட்டவர்கள் இப்போது வலிக்கு முன்பே போட்டார்கள். மறைவாகப் போட்ட மேஸ்திரிக்கு ஒன்று இரண்டாகி, இரண்டுக்கு அப்புறம் எண்ணுவதும் நின்றுபோனது. தோள் எண்ணெய் போட்ட கீல் மாதிரி திரும்பியது.

"உங்க மருமக இலை இருக்கிற வரைக்கும் எமன்கூட நம்ம வயித்துப் பக்கம் வரமாட்டான் அண்ணே," என்பான் நெட்டை. மேஸ்திரி இன்னும் கொஞ்சம் நிமிர்வார்.

மாடியில் மருமகள் தொட்டிகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "அத்தை, இலை குறையுதே," என்பாள்.

"அணிலா இருக்கும்மா. இந்த வருஷம் அணில் ஜாஸ்தி," என்பாள் மாமியார்.

மருமகள் தன் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகப் பெரியவர்கள் முன்னால் வைத்துப் பேசி, அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பட்டம் வாங்குகிற நாள் நெருங்கியது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று அவள் சொன்னதிலிருந்து மேஸ்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டார். முதல் வரிசை என்றார். நடு நாற்காலி என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குச் சாப்பாடு வேண்டாமல் போனது. மேல்வயிற்றில் தணல் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. சாரத்தில் ஏறினால் தரை மெல்ல ஆடியது. கஞ்சி போதும் என்றார். வெயில் என்றார். பசை இலையை இன்னொரு குவளை கூடுதலாகக் குடித்தார்.

பட்டம் வாங்குகிற நாளுக்கு முந்தின நாள் காலை, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூடத்து மூலையில் சீலிங் ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்தார். வயிற்றிலிருந்து ஏதோ சுருட்டிக்கொண்டு மேலே வந்தது. சாரத்தின் விளிம்பைப் பிடிப்பதற்குள் வாய் நிறைந்து கலவைச் சட்டியிலேயே கொட்டிவிட்டது. காப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்தது போலக் கறுப்பு. அவருக்கு அது என்னவென்று தெரியும். மருமகள் சொல்லியிருக்கிறாள், வயிற்று அமிலத்தில் கிடந்த ரத்தம் அந்த நிறத்தில்தான் வரும் என்று.

ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. மேஸ்திரி கரணையால் சட்டியிலிருந்த கலவையை ஒரு புரட்டுப் புரட்டினார். கறுப்பு உள்ளே போய்விட்டது. ஏறி வந்தவன் பார்க்கும்போது, அவர் அந்தக் கலவையை அள்ளி மூலையில் அடித்து, மட்டப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தார்.

வந்தவன் நெட்டை. அவர் உதட்டோரத்தைப் பார்த்தான். பிறகு சட்டியைப் பார்த்தான்.

"அண்ணே, என்னது இது?"

"கலவை."

"உங்க வாயிலயுமா கலவை?"

மேஸ்திரி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்க."

"நாளைக்கு முடியட்டும்."

"நாளைக்கு என்ன முடியணும்? நீங்க முடிஞ்சு போயிடுவீங்க அண்ணே!"

"சத்தம் போடாதடா." மேஸ்திரியின் குரல் தணிந்தது. கெஞ்சல் இல்லை, ஆணைதான். "நாளைக்கு அவ எல்லார் முன்னாலயும் நின்னு, இந்த இலை வயித்தைக் காப்பாத்தும்னு சொல்லப் போறா. இன்னைக்கு நான் போய் ஆஸ்பத்திரில படுத்தா ஊர் என்ன சொல்லும்? மருமக மருந்து மாமனாரையே கவுத்துடுச்சுன்னு சொல்லும். எலி அறுக்கிற பொண்ணுன்னு அன்னைக்குச் சொன்ன வாயெல்லாம் இன்னைக்குச் சிரிக்கும். என் வயிறு கிடக்கட்டும், என் வீட்டுப் பேரு கெடக் கூடாது. நீ ஒண்ணையும் பாக்கல. புரியுதா?"

நெட்டை இறங்கினான். இறங்கி, செருப்பைக்கூட மாட்டாமல், நேராக மேஸ்திரி வீட்டுக்குத்தான் போனான்.

மதியத்துக்கு முன்பே மேஸ்திரி வீடு திரும்பினார். கால் தன்பாட்டுக்கு மடங்குவது போலிருந்ததால் வந்தார், இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார். கூடத்தில் மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் மருமகள், நாளைய பேச்சுக்கான தாள்களைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தாள். மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நேராகத்தான் இருந்தது. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

மருமகள் அவர் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தாள்.

"மாமா, வெளிக்கு எப்படிப் போகுது? தார் மாதிரி கறுப்பா போகுதா?"

அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் கேட்கிற கேள்வியா அது? மேஸ்திரி சுவரைப் பார்த்தார். மாமியார்தான் பதில் சொன்னாள்.

"மூணு வாளி தண்ணி ஊத்திட்டு வர்றாரும்மா. கேட்டா, குழாய்ல தண்ணி நல்லா வருதுங்கிறாரு."

"எவன் சொன்னான் உங்களுக்கு?" என்றார் மேஸ்திரி.

"சொல்லவேண்டியவன் சொன்னான். அணிலு அணிலுன்னு நான் ஊர் அணிலையெல்லாம் திட்டிக்கிட்டு இருந்தேன். அந்த அணில் என் கையால சாப்பாடு கட்டிக்கிட்டு வேலைக்குப் போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"கிளம்புங்க மாமா. இது நாளைக்கு வரைக்கும் தாங்குற விஷயம் இல்லை."

"நாளைக்கு உன் காரியம் முடியட்டும்."

"இப்போ நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலைன்னா நாளைக்கு நான் போகமாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? இத்தனை வருஷ உழைப்பும்மா!"

"அது என் கௌரவம் மாமா. நீங்க உங்க கௌரவத்தைப் பாக்கிறீங்கல்ல."

மேஸ்திரி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, வந்ததிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"உன் இலை பொய்யாம்மா?"

"பொய் இல்லை. எலி வயித்துல, மாத்திரைக்கு முன்னாடி குடுத்தா காப்பாத்துது. அதை என் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா அது எலி மாமா. அளந்த சாறு, அளந்த மாத்திரை. மனுஷனுக்கு எவ்வளவு, எத்தனை நாள், ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. இலையைப் பறிச்சு டப்பாவுல கொதிக்கவச்சா அந்தச் சாறு வருமான்னே எனக்குத் தெரியாது. அதைவிட..." அவள் கீழே வைத்திருந்த தாள்களைத் தொட்டாள். "புண்ணு வந்ததுக்கப்புறம் குடுத்தா ஆத்துதான்னும் பார்த்தேன். ஆத்தல. கொஞ்சம்கூட ஆத்தல."

"அதை எங்கயாவது சொல்லிடாத."

"எழுதிட்டேன் மாமா. கடைசி அத்தியாயமே அதுதான். நாளைக்கு அதையும் சொல்லப் போறேன்."

மேஸ்திரி திகைத்துப்போனார். "உன் இலை தோத்த இடத்தை நீயே எழுதினியா? யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. விட்டுட்டாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன்?"

"விரிசல் மேல பூசுறவன் யாருன்னு இந்த வீட்டுலதான் மாமா கேட்டேன்."

மேஸ்திரி தன் வலது கையைப் பார்த்தார். நகக்கண்ணில் காலையில் அடித்த கலவை காய்ந்து ஒட்டியிருந்தது. மற்றவர்கள் பார்த்தால் அது சிமெண்ட். அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆயுசில் ஒரு சட்டி கெட்ட கலவையைச் சுவரில் ஏற்றாத கை. இன்று ஏற்றியிருக்கிறது. இதோ, நேற்று வந்த பெண், கேட்பார் இல்லாத இடத்திலும் கொத்தி எடுத்துவிட்டுப் பூசியிருக்கிறாள்.

அவமானமாக இருந்தது. அதற்கு அடியிலிருந்து, அதைவிடப் பெரிதாக, வேறொன்று எழுந்தது. இந்தப் பெண் என் வீட்டுக்காரி என்று நினைத்தபோது, ரத்தம் வற்றிய அந்த முகத்திலும் கொஞ்சம் நிறம் வந்தது.

"ஆட்டோ கூப்பிடு," என்றார். "போற வழியில கட்டிடத்துக்கிட்ட நிறுத்தணும்."

"முதல்ல ஆஸ்பத்திரி மாமா."

"அங்க இந்நேரம் டப்பா அடுப்புல ஏறியிருக்கும். நான் ஆரம்பிச்சு வச்சதும்மா. நான் சொன்னாத்தான் இறக்குவானுங்க. இறங்கக்கூட மாட்டேன், உக்காந்தபடியே சொல்றேன்."

ஆனால் ஆட்டோ நின்றதும் இறங்கிவிட்டார். உட்கார்ந்தபடி சொல்கிற சொல் இல்லை அது. முன்கூடத்து வாசலில், கதவு நிலையைப் பிடிக்காமல், நிமிர்ந்து நின்றார். சாரத்தில் இருந்தவர்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அடுப்பில் டப்பா கொதித்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்கடா," என்றார். "எனக்குத் தோள் வலிக்குது."

நெட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ரொம்ப நாளா வலிக்குது. சொல்லாம மாத்திரையைத் தின்னேன். என் மருமக இலை காப்பாத்தும்னு அவளைக் கேக்காமலே கொதிக்கவச்சு நானும் குடிச்சேன், உங்களுக்கும் குடுத்தேன். இப்போ வயிறு புண்ணாகி ரத்தம் போகுது. இலை மேல தப்பு இல்லை. அவ சொன்னதுல பாதியைக் கேட்டுட்டு மீதியைக் கேக்காத என் காது மேல தப்பு. அந்த டப்பாவைக் கவுத்துடுங்க. மாத்திரை போடுறவன் எல்லாரும் வைத்தியரைப் பார்த்துட்டுத்தான் இனி போடணும். வயிறு எரியறவன், கறுப்பா போறவன் இருந்தா இப்பவே வாங்க, ஆட்டோவுல இடம் இருக்கு."

பிறகு சாரத்தின் மேல்தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்கு முட்டி, மேஸ்திரி."

"எனக்குக் கழுத்து."

"வயிறு எரியுது. நேத்துல இருந்து."

"எரியுதுன்னா இறங்குடா!" என்றார் மேஸ்திரி. அவன் இறங்கினான். எதிலோ கெலித்துவிட்டு இறங்குகிறவன் போலத்தான் இறங்கினான். தூக்குக்குண்டே சொன்ன பிறகு, சொல்வதில் இனி என்ன குறைச்சல்?

மேஸ்திரி கூடத்து மூலையைக் காட்டினார். "டேய் நெட்டை. அந்த மூலையைக் கொத்தி எடுத்துடு. காலையில நான் பூசினது. கலவை கெட்டது."

"புதுசும் பழசும் ஓரம் சேராது அண்ணே. கோடு தெரியும்."

"தெரியட்டும்."

ஆட்டோ வரைக்கும் அவர் தானாகத்தான் நடந்தார். ஏறும்போது கால் தடுமாறியது. மருமகள் தோளைக் கொடுத்தாள். ஆயுசில் முதல் தடவையாக மேஸ்திரி இன்னொருவர் தோளில் கை போட்டார். வலிக்கிற கையைத்தான் போட்டார். போடும்போது, "ஸ்ஸ்" என்று வாய்விட்டே சொன்னார்.

மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, கசிந்த இடத்தை அடைத்து, ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை தலை தூக்க விடவில்லை. நடு நாற்காலிக்கு மேஸ்திரி தன் மனைவியை அனுப்பினார். "முதுகு வளையாம உக்காரு," என்று சொல்லியனுப்பினார்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். மனைவி வாசலிலிருந்தே தொடங்கிவிட்டாள். "என் முதுகு ஒடிஞ்சு போச்சு. உங்களுக்கு எப்படிங்க தினமும் முடியுது?"

மேஸ்திரி மருமகளைப் பார்த்தார். "என்ன கேட்டாங்க?"

"ஒரு பெரியவர், ரொம்பக் கறாரானவர், கடைசி அத்தியாயத்தை எடுத்துக்கிட்டார் மாமா. உங்க மருந்து தோத்ததை இவ்வளவு விவரமா எழுதணுமா, யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுல எல்லாருமே கொத்தனாருங்க, ஐயான்னு சொன்னேன்."

மேஸ்திரி ஊசி செருகிய கையை மெத்தையில் ஊன்றி, தலையணையை விட்டு மெல்ல மெல்ல எழுந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயா, சாயுங்க, சாயுங்க! வலிக்குதா?"

"வலிக்குதும்மா," என்றார் மேஸ்திரி, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "இவ என் மருமக."